பொதுநாளும் சிறப்புநாளும்

திருவருள் முன்னிற்க. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது 'நாள்' என்னும் ஒரு சொல்லை. ஈரெழுத்தாலாகிய ஒரு சொல்லின்மேல் இத்துணை நீண்டதொரு வழக்கு வேண்டுமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். சொற்பொருள் மயங்கின் செயல் மயங்கும். செயல் மயங்கின் நம் மக்களுக்கு யாம் விட்டுச்செல்லும் வழிபாடும் மயங்கும். ஆகலான் வேண்டும் என்க.

இக்காலத்துச் சைவர் ஒருசாரார், குருபூசை முதலியவற்றை அவற்றிற்குரிய நாண்மீனில் நடத்தாது, அதனை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி, அழைப்பிதழில் 'குருபூசைத் திருநாள்' என்றே அச்சிட்டு வழங்குகின்றனர். பெற்றோர்க்கு ஆண்டுதோறும் ஆற்றும் கடனை அவர் மறைந்த ஆங்கிலத் தேதியில் ஆற்றி, அதனையும் 'திதி' என்றே வழங்குகின்றனர். ஏன் என வினவின் அவர் கூறும் விடை நான்கு. எல்லா நாளும் இறைவன் நாளே, ஆகலின் இந்நாள் அந்நாள் என்னும் வேற்றுமை வேண்டா என்பது ஒன்று. நாளும் கோளும் அடியாரை ஒன்றும் செய்யா என்று ஆளுடைய பிள்ளையாரே அருளிச்செய்தார் என்பது மற்றொன்று. பஞ்சாங்கங்களே தம்முள் மாறுபடுகின்றன என்பது பிறிதொன்று. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைப்பார்க்கு ஞாயிறன்றி ஓய்வில்லை என்பது இறுதியாயது. இந்நான்கனுள் இறுதியிற் கூறியது இரக்கத்தின்பாற்பட்டது. ஏனைய மூன்றும் மயக்கத்தின்பாற்பட்டன. நான்கனையும் ஆராய்வாம். அதற்குமுன் சொல்லை ஆராய்தல் முறை.

சொல்லாராய்ச்சி

'நாள்' என்பது பலபொருள் ஒருசொல். ஞாயிறு எழுந்தது முதல் மீண்டும் எழுமளவும் உள்ள அறுபது நாழிகைப் பொழுது நாள் எனப்படும். பகற்பொழுது மாத்திரமும் நாள் எனப்படும். பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதனை அல்லங்காடி என்றும் பண்டையோர் வழங்கினர். காலைப்பொழுதும் நாள் எனப்படும். அரசர் காலையில் வீற்றிருக்கும் அவை நாளோலக்கம். அன்றலர்ந்த புதுமையும் அச்சொல்லாற் பெறப்படும். பூசைக்கு நாம் கொய்யும் நாண்மலர் அதற்குச் சான்று. வாழ்நாள் என்புழி ஆயுளைக் குறிக்கும். 'நாளும் கோளும்' என இணைத்துச் சொல்லுமிடத்து அசுவினி முதல் இரேவதி ஈறாகிய இருபத்தேழு மீன்களைக் குறிக்கும்.

இம்மயக்கம் நாள் என்னும் சொல்லோடு ஒழியவில்லை. திங்கள் என்பது வானத்து மதிக்கும், மாதத்திற்கும், கிழமைகளுள் ஒன்றற்கும் பொதுவாய் நிற்கின்றது. வாரம் என்பது இக்காலத் தமிழில் ஏழுநாட் கூட்டத்தைக் குறிக்கும். சோமவாரம், குருவாரம் என்புழி ஒரு கிழமையை மாத்திரம் குறிக்கும். சோமவார விரதம் என்பதனை ஏழுநாள் நோற்கும் விரதம் எனப் பொருள் கொள்ளும் இளைஞர் உளராயின், அவரை நகைத்தலாற் பயனில்லை. அவர்க்கு அச்சொல்லை விளக்காது விட்டவர் நாமே. கிழமை என்னும் சொல்லின் முதற்பொருள் உரிமை. ஞாயிற்றுக்கிழமையாவது ஞாயிறு என்னும் கோளுக்கு உரிமையுடைய நாள். தேதி என்னும் சொல்லோ திதி என்பதன் திரிபு. மதியின் வளர்ச்சி தேய்வுகளைக் குறித்த சொல் திரிந்து, மதியோடு யாதொரு தொடர்புமில்லாத அலுவலகக் கணக்கைக் குறிப்பதாயிற்று. திதிக்குச் செய்யவேண்டுவதனைத் தேதிக்குச் செய்வார் மயங்கியதற்கு இவ்வொலியொற்றுமையும் ஒரு காரணம் போலும்.

இனி, பொதுச்சொல் மயக்கம் தருமாயின் அதனைக் களையும் வழி யாது? இலக்கண நூலார் அதனை நன்கு வகுத்துள்ளார். பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் எடுத்தோதி, அதன் பொருள் தெளியுமாறு கூறினார். பொதுப்பெயரின் பொதுமையை அதனைச் சார்ந்துவரும் சிறப்புப்பெயரும் வினையும் நீக்கும் என்பது நன்னூலார் கருத்து. நாள் பொதுப்பெயர், ஆதிரைநாள், அட்டமிநாள், சோமவாரநாள் என வருமிடத்து ஆதிரை, அட்டமி, சோமவாரம் என்பன அப்பொதுமையை நீக்கிய சிறப்புப்பெயர்கள். சிறப்புப்பெயரை எடுத்தெறிந்துவிட்டு நாள் என்பதனை மாத்திரம் வைத்துக்கொள்வார், மயக்கத்தைக் களைவதற்கு முன்னோர் இட்ட விளக்கை அணைத்துவிட்டு இருளில் பொருள் தேடுவாரை ஒப்பர்.

தொல்காப்பியர் இதனினும் நுண்ணிதாகச் சென்றார். எழுத்ததிகாரத்துள் நாண்மீன் பெயரின்முன் வினைச்சொல் வருங்கால் 'ஆன்' என்னும் சாரியையும், திங்கட்பெயரின்முன் வருங்கால் 'இக்கு' என்னும் சாரியையும் வேறுவேறு விதித்தார். 'பரணியாற் சென்றான்' என்றால் நாண்மீன். 'ஆடிக்குச் சென்றான்' என்றால் மாதம். வழியனுப்பும் ஒருவன் வாயினின்று எழும் சொல்லின் இடையிலும் இவ்வேற்றுமை விளங்கவேண்டும் என அவ்வாசிரியர் கருதினார். அவர் வழிவந்த யாமோ பெரிய எழுத்தில் அச்சிடும் அழைப்பிதழிலும் அதனை விளங்கவையேம்.

நால்வகை நாளும் அவற்றின் அளவும்

வழிபாட்டிற்குரிய நாள்கள் நால்வகையால் குறிக்கப்படும். கிழமை, நாண்மீன், திதி, மாதத்தேதி என்பன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுகோல்.

கிழமை ஏழாய் எண்ணி முடியும் வட்டம். அதன் எண்ணிக்கை வானத்தே மதி நிற்கும் இடத்தை நோக்குவதன்று. நாண்மீன் மதியின் இருப்பிடத்தைக் குறிப்பது. வான்வட்டத்தின் 360 பாகையை 27 கூறாக்கின் ஒரு கூறு 13 பாகை 20 கலை. மதி அவ்வட்டத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாளும் 8 மணியும் செல்லும். ஆகலின் ஒரு நாண்மீனில் அது தங்கும் சராசரிப் பொழுது 24 மணி 17 நிமிடம். திதி மதி ஒன்றனையே நோக்குவதன்று. ஞாயிற்றினின்றும் மதி விலகும் தொலைவை நோக்குவது. 12 பாகை விலகின் ஒரு திதி. ஓர் அமாவாசை முதல் மறு அமாவாசை வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளில் முப்பது திதி கழியும். ஒரு திதியின் சராசரி அளவு 23 மணி 37 நிமிடம். மதியின் செலவு ஒருபடித்தன்மையின், சில திதி இருபது மணிக்கும் குறையும். சில இருபத்தாறு மணியை எட்டும். மாதத்தேதியோ ஞாயிறு ஓர் ஓரையிற் புகுந்தது தொடங்கி எண்ணப்படுவது. தமிழ் மாதம் 29 நாள் முதல் 32 நாள் வரை அமையும்.

இவ்வளவுகோல் நான்கும் தம்முள் ஒத்து ஓடா. 365 நாள் கொண்ட ஆண்டில் ஏழேழாய் எண்ணின் ஒருநாள் மிகும். அதனால் கிழமை ஆண்டுதோறும் நகரும். பன்னிரண்டு மதிமாதம் 354 நாளில் முடியும். அதனால் திதி பதினொரு நாள் பின்வாங்கும். ஆகவே ஒன்றற்குரியதனை மற்றொன்றன்மேல் ஏற்றுதல், படியால் அளக்கவேண்டிய நெல்லை முழக்கோலால் அளப்பது போலாம்.

நம் சைவ விரதங்களை நோக்குக. சிவவிரதம் எட்டு என எண்ணும் வழக்கில், சோமவாரம் கிழமை பற்றியது. மார்கழித் திருவாதிரையும், பங்குனி உத்திரத்தில் நோற்கும் கலியாணசுந்தர விரதமும் நாண்மீன் பற்றியன. கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் உமாமகேசுர விரதம், மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் சிவராத்திரி, தை அமாவாசையில் வரும் சூலவிரதம், வைகாசி வளர்பிறை அட்டமியில் வரும் இடபவிரதம் என்னும் நான்கும் திதி பற்றியன. கேதாரவிரதம் புரட்டாசியில் தொடங்கி ஐப்பசியில் முடியும் பல நாட் கூட்டம். எட்டனையும் 'விரதநாள்' என்னும் ஒரு சொல்லால் குறிக்கலாம். ஆயினும் ஒன்றன் அளவுகோலை மற்றொன்றற்கு வைத்தல் எவ்வாற்றானும் கூடாது.

திதி அறிந்தாலும் பொழுது அறியாக்கால் பிழை நேரும். 2025ஆம் ஆண்டுச் சிவராத்திரியை எடுத்துக்கொள்க. சதுர்த்தசி பிப்ரவரி 26ஆம் தேதி முற்பகலில் தொடங்கி 27ஆம் தேதி காலையில் முடிந்தது. 27ஆம் தேதி ஞாயிறு எழுங்கால் நின்ற திதி சதுர்த்தசியே. ஆயினும் சிவராத்திரி 26ஆம் தேதி இரவே. என்னை? அவ்விரதத்திற்குச் சிறந்தது இரவு. நள்ளிரவில் சதுர்த்தசி நிற்றல்வேண்டும். இன்னும், ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில் தேதி மாறுதலின் நான்கு யாமத்துள் பின்னிரண்டும் மறுதேதிக்கு உரியவாயின. ஞாயிற்றெழுச்சி தொட்டு எண்ணும் நம் கணக்கிலோ நான்கு யாமமும் ஒருநாளே. நாட்காட்டியில் ஒரு கட்டத்தை நோக்கி, நள்ளிரவில் 'நாள் முடிந்தது' என்று விளக்கணைத்து உறங்கச் செல்வான் பாதி விரதமே நோற்றவனாவான்.

ஆடித் திங்களும் மேட்டூரும்

நால்வகை நாளையும் ஒரு மாதத்துள் காணவேண்டின் ஆடித் திங்களைக் காண்க. ஆடிச்செவ்வாயும் ஆடிவெள்ளியும் கிழமை பற்றியன. ஆடிப்பூரமும், ஆடிக்கிருத்திகையும், வன்றொண்டர் குருபூசையாகிய ஆடிச்சுவாதியும் நாண்மீன் பற்றியன. ஆடி அமாவாசை திதி பற்றியது. ஆடிப்பதினெட்டு இவற்றுள் ஒன்றனையும் பற்றாது, மாதம் பிறந்தபின் பதினெட்டாவது நாள் என எண்ணிக்கையொன்றனையே பற்றியது. ஆகலின் அஃது ஆண்டுதோறும் ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் தேதியில் வருகின்றது. காவிரிக்கரையில் வாழும் எழுத்தறியா முதியவளும் இந்நான்கனையும் பிரித்தறிவாள். ஆடியமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குச் செல்பவள், அதனைப் பதினெட்டோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று ஒருகாலும் கருதாள்.

ஆடிப்பதினெட்டிற்கு ஆடிப்பெருக்கு என்னும் மற்றொரு பெயரும் உண்டு. பதினெட்டு என்பது எண்ணாற் பெற்ற பெயர்; பெருக்கு என்பது நிகழ்ச்சியாற் பெற்ற பெயர். குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரி பெருகிவரும் காலம் ஆடியாதலின் இரண்டும் பண்டு ஒரு நாளில் ஒன்றுபட்டு நின்றன. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை காவிரிக்குக் குறுக்கே எழுந்தபின், பெருக்கு மதகின்வழிப் பட்டது. 120 அடி உயரம் நீர் தேக்கி, 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி கொள்ளும் அவ்வணை திறந்தாலன்றிக் கீழ்க்காவிரியில் வெள்ளமில்லை. மேலே கிருஷ்ணராஜசாகரமும் கபினியும் நிறைந்தாலன்றி அவ்வணையிலும் நீரில்லை.

இனி, மேட்டூரில் வழங்கும் நாள்களை நோக்குக. கழனிப் பாசனத்திற்கு அணை திறக்க வகுத்த நாள் ஜூன் 12. மூட வகுத்த நாள் ஜனவரி 28. இவை ஆணையால் வகுத்த நாள்கள். திறக்கும் நாளோ நீரைப் பொறுத்தது. 2022இல் நீர் மிகுந்தமையின் மே 24இலேயே அணை திறக்கப்பட்டது. 2017இல் நீர் குறைந்தமையின் அக்டோபர் 2 வரை காத்திருக்க நேர்ந்தது. 2024இல் ஜூலை 28இல் திறக்கப்பட்டது. இவை நிகழ்ச்சி நாள்கள். ஆடிப்பதினெட்டோ இவ்விரண்டிற்கும் அடங்காதது. நீர் பெருகிய ஆண்டிலும் பெருகாத ஆண்டிலும் மேட்டூர் அணைக்கட்டு முனியப்பன் திருமுன்னர் மக்கள் கூடுவதும், காவிரியில் நீராடுவதும் அந்நாளிலேயே. நீர் குறைந்த சில ஆண்டுகளில் மக்கள் நீராடுதற்கென்றே அணையினின்றும் நீர் விடப்பட்டதும் உண்டு. ஆற்றை நாளுக்கு இசைவித்தனரேயன்றி, நாளை ஆற்றுக்கு இசைவித்து 'இவ்வாண்டு ஆடிப்பதினெட்டு அக்டோபரில்' என்று எவரும் பறையறையவில்லை.

அணையால் நீருள் மூழ்கிய பண்ணவாடிச் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், நீர்மட்டம் வெகுவாகத் தாழுங்காலத்து வெளிப்படும். அன்பர் சென்று வணங்குவர். அவ்வணக்கம் அன்பின்பாற்பட்டது, போற்றத்தக்கது. அந்நாள் எவ்வாண்டில் எத்திங்களில் வரும் என முன்னர்க் குறித்துவைத்தல் எவர்க்கும் இயலாது. அது நீர் தந்த நாள். நீர் தந்த நாளும், ஆணை தந்த நாளும், மரபு தந்த நாளும் வேறுவேறு என்பதனை மேட்டூர் மக்கள் நன்கறிவர். அணையின் பொறியாளரும் அறிவர். அக்டோபர் 2இல் மதகைத் திறந்துவிட்டு 'ஜூன் 12இல் திறந்தோம்' என்று எப்பொறியாளரும் ஏட்டில் எழுதார். சைவ அன்பரோ, வைகாசி மூலம் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் மக்களைக் கூட்டிவிட்டு, 'திருஞானசம்பந்தர் குருபூசைத் திருநாள்' என்று அச்சிடுகின்றனர். நீர்க்கணக்கிலுள்ள நேர்மை நெறிக்கணக்கில் இல்லையெனின் அது நமக்கு நாணுத் தருவதாகும்.

மறுப்பு

இனி, எதிர்வாதம் நான்கனையும் எடுத்து ஆராய்வாம்.

எல்லா நாளும் இறைவன் நாளே என்பது முதல் வாதம். உண்மையே. எல்லா இடமும் இறைவன் இடமே என்பதும் உண்மை. அதனால் கோயில் வேண்டா என்பாரோ? பசுவின் உடலெங்கும் பரந்துள்ள பால் மடியின்வழியே வெளிப்படுதல் போல, எங்கும் நிறைந்த முதல்வன் திருக்கோயிலினும் அடியார் திருவேடத்தினும் விளங்கி நிற்பான் என்பது சைவர் துணிபு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் இவ்விரண்டனையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்கின்றது. இடத்திற்கு ஒத்த இந்நியாயம் காலத்திற்கும் ஒக்கும். காலம் என்பது வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று, மாயையினின்றும் தோன்றுவது, உயிரின் நுகர்ச்சியை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது. அதனைக் கடந்து நிற்போன் இறைவன். அதனுள் கட்டுண்டு நிற்பது உயிர். எல்லா நாளும் ஒன்றாய்க் காண்டல் அவனுக்கு இயல்பு. ஒரு நாளைச் சிறப்பித்துப் பற்றி, அதன்வழியே எல்லா நாளையும் அவன் நாளாக்கிக்கொள்ளுதல் நமக்கு நெறி. மேலும், எல்லா நாளும் ஒன்றே என்பவர் ஞாயிற்றுக்கிழமையை மாத்திரம் தேர்ந்துகொள்வது எற்றுக்கு? ஒன்றாயின் செவ்வாய்க்கிழமை நள்ளிரவிலும் கூடலாமன்றோ? அவர்க்கும் ஒரு சிறப்புநாள் உண்டு. அது வானத்தினின்றும் வந்ததன்று, விடுமுறைப் பட்டியினின்றும் வந்தது என்பதே வேற்றுமை.

இரண்டாவது வாதம் கோளறு திருப்பதிகத்தைக் காட்டுவது. மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்று மதுரைக்கு எழுந்தருளத் துணிந்த பிள்ளையாரைத் திருமறைக்காட்டில் நாவுக்கரசர் நாளும் கோளும் நல்லனவல்ல என்று தடுத்தருளிய பொழுது எழுந்தது அத்திருப்பதிகம். அதன் முதற்பாட்டில் ஞாயிறு முதல் சனி ஈறாக எண்ணியிருத்தலைக் கண்டு அவை கிழமைகள் என்பார் உளர். கிழமைகளாயின் அவற்றோடு எண்ணிய இரண்டு பாம்புகள் எக்கிழமைகள்? இராகு கேதுக்களுக்கு உரிய கிழமை ஏழனுள் இல்லை. ஆகவே ஆண்டு எண்ணப்பட்டவை ஒன்பது கோள்கள். இரண்டாம் பாட்டில் எண்ணாற் சுட்டப்பட்ட நாள்களும் கிழமைகள் அல்ல. ஆண்டுவரும் எண் பதினெட்டுவரை செல்கின்றது, கிழமையோ ஏழே. ஆகவே அவை நாண்மீன்கள். பொதுச்சொல்லையும் சிறப்புச்சொல்லையும் பிரித்தறியாதவர் அத்திருப்பதிகத்தின் பொருளையே பெறமாட்டார். பெறாத பொருளைக் கொண்டு எம்மோடு வாதிடுதல் எங்ஙனம்?

அதுவுமன்றி, பிள்ளையார் மறுத்தது நாள் அடியாரைத் துன்புறுத்தும் என்னும் அச்சத்தை. நாளைச் சிறப்பித்து வழிபடுதலை அவர் மறுத்திலர். மயிலையில் பூம்பாவையின் என்பு நிறைந்த குடத்தின்முன் நின்று அவர் அருளிய திருப்பதிகத்தை நினைவுகூர்க. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி என்று விழாக்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்சொல்லி எண்ணி, இவற்றைக் காணாமலோ போவாய் என்று அப்பெண்மகளை அழைக்கின்றார். பாம்பு தீண்டி மாய்ந்த ஒரு பெண் இழந்தவற்றுள் பெரிதென அவர் எடுத்துக்காட்டியது திருநாட்களைக் காணும் பேற்றை. அங்கு நாண்மீனும் உண்டு, திதியும் உண்டு. ஒவ்வொன்றும் தன் சிறப்புப்பெயரோடே நிற்கின்றது. நாளால் அஞ்சாதவரும் அவரே. நாளால் மகிழ்ந்தவரும் அவரே. அச்சத்தை விடுக என்றவர் சொல்லைக் கொண்டு மகிழ்ச்சியையும் விடுவார்க்கு யாது கூறுவம்!

மூன்றாவது வாதம் பஞ்சாங்க வேறுபாடு. வாக்கியமும் திருக்கணிதமும் திதி நாண்மீன்களின் முடிவுப்பொழுதில் சில நாழிகை வேறுபடுதல் உண்மை. ஆயினும் அளக்கப்படும் பொருள் யாது என்பதில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. மதி நிற்குமிடமே பொருள். இரண்டு கடிகாரம் சில நிமிடம் மாறுபட்டனவென்று பொழுதறிதலையே கைவிடுவாரில்லை. தம் ஊர்த் திருக்கோயில் எக்கணக்கைக் கொண்டதோ அதனைக் கொள்ளுதல் வழக்கு. ஐயம் அதனோடு ஒழியும். நம் அரசினர் 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் சக ஆண்டுக் கணக்கை நாட்டுக்குப் பொதுநாட்காட்டியாக ஏற்றனர். அவரும் சமயத் திருநாட்களைத் திதி நாண்மீன் கொண்டே குறிக்கின்றனர். பொதுநாட்காட்டி சிறப்புநாளை விழுங்கவேண்டும் என்று அவர் கருதவில்லை. கிறித்தவ சமயத்தாரும் தம் உயிர்ப்புப் பெருநாளை மதியின் பதினான்காம் நாளில் எக்கிழமையாயினும் கொண்டாடுவதா, ஞாயிற்றுக்கிழமையிலேயே கொண்டாடுவதா எனத் தொடக்க நூற்றாண்டுகளில் நெடிது வழக்கிட்டனர். 325இல் நிசேயாவிற் கூடிய பேரவையும் அந்நாளைப்பற்றி ஆராய்ந்தது. திதிக்கும் கிழமைக்கும் உள்ள வேற்றுமை பொருட்படுத்தத்தக்கது என்பதனை அவர் உணர்ந்தனர். அவர்தம் முடிவு அவர்க்கு. நாம் ஆராயாமலே நம் முடிவை விடுமுறைப் பட்டிக்கு விட்டுவிட்டோம் என்பதே எமது வருத்தம்.

நான்காவது வாதம் உழைப்பார்க்கு ஓய்வில்லை என்பது. இதனை யாம் இகழேம். மேட்டூரில் இரசாயனத் தொழிற்சாலையிலும் அனல்மின் நிலையத்திலும் உழைப்பவர் வேலையை விட்டுக் குருபூசைக்கு வருக என்று கட்டளையிட எமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்று காண்க: முறைவேலை செய்வார்க்கு ஓய்வுநாள் ஞாயிறாகவே அமைவதில்லை, அது சுழன்று வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதனால் பயன்பெறுவார் அவருள் ஒரு பகுதியினரே. மூலநாளில் வர இயலாதவனை விலக்கினோம் என்று இரங்கி, ஞாயிறன்று வேலைக்குச் செல்பவனை விலக்குகின்றோம்.

செய்யத்தக்கது யாது?

எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம். கூடுதல் வேறு; பூசை வேறு. மக்கள் கூடிச் சொற்பொழிவு கேட்டற்கும், திருமுறை ஓதுதற்கும், உண்டு மகிழ்தற்கும் ஞாயிற்றுக்கிழமை நன்று. அதனைக் 'குருபூசைச் சொற்பொழிவு' என்றோ 'நினைவுக்கூட்டம்' என்றோ அழைப்பிதழில் அச்சிடுக. குருபூசையை அதற்குரிய நாண்மீனிலேயே செய்க. அதற்குப் பந்தலும் பெருங்கூட்டமும் வேண்டா. சித்திரைச் சதயத்தில் அப்பரையும், வைகாசி மூலத்தில் சம்பந்தரையும், ஆனி மகத்தில் மணிவாசகரையும், ஆடிச்சுவாதியில் சுந்தரரையும் நினைந்து, வேலைக்குச் செல்லுமுன் வீட்டில் ஒரு விளக்கேற்றி, ஒரு நாண்மலரிட்டு, ஒரு திருப்பாட்டு ஓதின் அமையும். முறைவேலை செய்வானுக்கும் அஃது இயலும்.

நாண்மீனை மாதத்தோடு சேர்த்தே சொல்லுக. சுவாதி என்று மாத்திரம் சொல்லின், ஆடியில் வன்றொண்டரையும் ஐப்பசியில் மெய்கண்டாரையும் அது குறிக்கும். நாண்மீன் இருபத்தேழே நாளில் மீளுதலின், ஒரு மாதத்துள் ஒரு நாண்மீன் இருமுறை வருதலும் உண்டு. அக்காலத்து எதனைக் கொள்வது என்பதனைத் திருக்கோயில் வழக்கை வினவி அறிக. அழைப்பிதழில் நாண்மீன் அல்லது திதியை முன்னும், ஆங்கிலத் தேதியைப் பின்னும் அச்சிடுக; படிக்கும் சிறுவன் அவ்விரண்டும் வேறென அறிந்து, 'மூலம் என்றால் என்ன?' என்று தன் தாத்தாவை வினவட்டும். அவ்வினா எழாத வீட்டில் சைவம் எத்தனை தலைமுறை நிற்கும்?

பெற்றோர் கடனுக்கும் இதுவே நெறி. அவர் மறைந்த மாதத்தையும், பக்கத்தையும், திதியையும் வீட்டு ஏட்டில் எழுதிவைக்க. ஆங்கிலத் தேதியில் அவரை நினைந்து ஏழைகட்கு உணவிடுதல் நன்றே. எந்நாளில் இட்டாலும் உணவு உணவே. அதற்குத் திதி என்று பெயரிடாதொழிக. அப்பெயர் மதி அவ்விடத்து மீண்டும் வந்து நிற்கும் நாளுக்கு உரியது. அவர் பிரிந்த அன்று வானத்தில் நின்ற பிறை எவ்வளவினதோ அவ்வளவினதாய் மீண்டும் நிற்க, அதன்கீழ் நின்று மகன் நீர்விடுதற்கு முன்னோர் வகுத்த நாள் அது. அந்நாளை இழந்தோர் பெயரை மாத்திரம் வைத்துக்கொள்ளுதல், மூர்த்தியை எழுந்தருளச் செய்யாது தேரை இழுத்துச் செல்வது போலாம்.

சைவசித்தாந்தத்திற்குப் பொதுவும் சிறப்பும் புதியன அல்ல. வேதத்தைப் பொதுவென்றும் ஆகமத்தைச் சிறப்பென்றும் கொண்டது நம் நெறி. சிவஞானபோதத்தின் முதல் ஆறு சூத்திரங்களைப் பொதுவதிகாரமாகவும், பின் ஆறனை உண்மையதிகாரமாகவும் பகுத்துணர்ந்தது நம் ஆசிரியர் மரபு. பொதுவைக் கொண்டு சிறப்பை அழித்தாரும் இலர். சிறப்பைக் கொண்டு பொதுவை இகழ்ந்தாரும் இலர். பொதுவில் தொடங்கிச் சிறப்பிற்குச் செல்லுதலே அவர் காட்டிய வழி. அத்துணைப் பெரிய பொருளில் இவ்வேற்றுமையைக் காக்கும் நாம், நாள் என்னும் சிறிய சொல்லில் அதனைக் கைவிடலாகாது.

ஆகலான் அன்பர்காள், கூட்டத்தின் நாளை உங்கள் வசதிக்கு ஏற்பக் குறித்துக்கொள்க. பூசையின் நாளை முன்னோர் குறித்தவாறே விடுக. இரண்டிற்கும் ஒரு பெயரிடாதொழிக. இவ்வொன்றைக் கைக்கொள்ளின் உழைப்பார்க்கு இடரின்று, மரபிற்கும் ஊறின்று.

திருச்சிற்றம்பலம்.